எமரால்டு போக வேண்டிய வேன் ஏற்காடு போனது: மே கடைசி வாரத்து மலைப் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 மே கடைசியில் கரூரைச் சேர்ந்த ஒரு கூட்டுக்குடும்பம் நீலகிரியில் ஊட்டி பக்கத்து எமரால்டுக்குப் போவதாக இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் திட்டம் மாறி, ஏற்காட்டுக்குப் போய் வந்தது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்த குடும்பம் அது. இடம் பார்த்தது, பேசியது, முன்பணம் கட்டியது எல்லாம் நான்தான். அதனால் எங்கே தவறினோம், எங்கே சரியாகச் செய்தோம் என்று இரண்டையும் எழுதி வைக்கிறேன். கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் மலைக்குக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு உதவும்.

மொத்தம் 10 பேர். அக்காவின் மாமியார், அதாவது எனக்கு அத்தை, 71 வயது. அவருடைய இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், 15, 12, 8, 4 வயதில் நான்கு பிள்ளைகள், அப்புறம் நான். அத்தைக்கு இரண்டு முட்டியிலும் வலி. சமதரையில் மெதுவாகப் பத்து நிமிடம் நடப்பார், படி என்றால் முடியாது. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. கடைக்குட்டிக்கு வேனில் ஏறினாலே வாந்தி.

ஏன் மே கடைசி? மாமாவும் அவர் தம்பியும் ஜவுளி ஏற்றுமதி வேலை செய்கிறார்கள். 22-ஆம் தேதி ஒரு லோடு போக வேண்டியிருந்தது. ஜூன் 2 பள்ளி திறப்பு. நடுவில் கிடைத்தது ஒரே ஒரு வாரம். அதில் 25 ஞாயிறு கிளம்பி 28 புதன் திரும்புவது என்று ஏப்ரல் முதல் வாரத்திலேயே பேசி முடித்தோம்.

முதல் திட்டம்

ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதினேன். இது உருப்படியான வேலையாக அமைந்தது, பிறகும் கைகொடுத்தது. பெரியவனுக்கு மலையேற வேண்டும். 12 வயதுக்காரி போட்டோ எடுக்க வேண்டும் என்றாள். அடுத்தவனுக்குப் படகு. அக்காவும் அவள் ஓரகத்தியும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: நான்கு நாள் அடுப்பங்கரைப் பக்கம் போகக் கூடாது. அத்தை மட்டும், "குளிருல போர்த்திக்கிட்டு உக்காந்து டீ குடிச்சாப் போதும்ப்பா" என்றார்.

ஊட்டி நகரத்துக் கூட்டம் வேண்டாம் என்று எமரால்டு பக்கம் ஒரு வீடு பார்த்தேன். ஏரி தெரியும், சமைத்துக் கொடுப்பார்கள், வாசல் வரை வேன் போகும், உள்ளே படி இல்லை. 9,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று அப்போதே சொன்னார்கள். தேதியாவது மாற்றலாமா என்று நான் கேட்கவில்லை.

மலைக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸும் எடுத்தாயிற்று. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று அளவும் வைத்திருந்தார்கள். கட்டணம் இல்லை. வேனின் பதிவு எண்ணும் தங்கும் இடத்தின் விவரமும் இருந்தால் போதும்.

பெரியவனுக்காக வனத்துறையின் மலையேற்றப் பாதைகளைப் பார்த்தேன். 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்தார்களே, அதில் ஊட்டி கெய்ர்ன் ஹில் பாதை எளிது என்ற பிரிவில் இருந்தது. இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தங்கும் வீட்டில் பேசும்போது, "காட்டுக்குள்ள எங்க பையனே கூட்டிட்டுப் போவான், தலைக்கு 500, பாஸெல்லாம் வேண்டாம்" என்றார்கள். அந்த இடத்திலேயே மறுத்துவிட்டேன். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்து போனார்கள். அதற்குப் பிறகும் அனுமதியில்லாமல் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போவதை என்னால் ஏற்க முடியாது. உள்ளே என்ன நடந்தாலும் நாம் அங்கே இருக்கிறோம் என்பதே வெளியில் யாருக்கும் தெரியாது.

கவனிக்கத் தவறியது

மலையின் எந்தப் பக்கம் என்பதை நான் பார்க்கவில்லை. இந்த ஆய்வில் மிக முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீலகிரி என்று ஒரே பெயரில் சொன்னாலும் மழைக்கு அது இரண்டு மலை. மேற்குப் பக்கம், அதாவது கூடலூர், பந்தலூர், குந்தா, அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிற இடங்கள். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டுவது அங்கேதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. கரூரில் வருடம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வருவது அரிது. தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கிற கோத்தகிரிக்கு இந்தக் காற்று வரும்போது மழை குறைந்துவிடும். அந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரியது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தது அந்த மழையில்தான்.

எமரால்டு அவலாஞ்சிக்குக் கீழே, ஈரமான பக்கத்தில் இருக்கிறது. மே முதல் வாரத்தில் போயிருந்தால் அதில் ஒன்றும் இல்லை. மே கடைசி வாரம் என்றால் மழை வாசலுக்கு வந்துவிட்ட நேரம். அறையின் படத்தையும் ஏரியையும் வாடகையையும் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மே 10-ஆம் தேதியே இந்திய வானிலை ஆய்வுத் துறை, கேரளத்தில் பருவமழை 27-ஆம் தேதி தொடங்கலாம், 4 நாள் முன்னே பின்னே ஆகலாம் என்று சொல்லியிருந்தது. வழக்கமான தேதி ஜூன் 1. நான் 27 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். "போன மறுநாள் மறுநாள்தானே, அதுவும் கேரளாவில்" என்று மாமாவிடமும் சொன்னேன். அந்த 4 நாளைச் சேர்த்துப் பார்த்தால் 23-லிருந்தே மழை வரலாம். எங்கள் பயணம் முழுவதும் அதற்குள் விழுந்தது.

மே 20 முதல் 24 வரை

20-ஆம் தேதி வாக்கில், அடுத்த நாலைந்து நாளில் பருவமழை தொடங்கும் என்று செய்தி மாறியது. அன்றிலிருந்து காலை, மாலை இரண்டு வேளையும் அறிவிப்புகளைப் பார்க்க ஆரம்பித்தேன். மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவரையும் கேட்டேன். "மேல மூட்டம் போட்டாச்சு, காத்து வேற மாதிரி அடிக்குது" என்றார்.

24 சனிக்கிழமை கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது அதுவே முதல் முறை. நீலகிரிக்கும் கோவைக்கும் 25, 26 இரண்டு நாளும் சிவப்பு எச்சரிக்கை. அதாவது நாங்கள் மலை ஏறுகிற நாளும் அதற்கு அடுத்த நாளும்.

முந்தின இரவே, வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். பெட்டி பாதி கட்டியிருந்தது. பிள்ளைகளின் ஸ்வெட்டர் சோபாவில் குவிந்து கிடந்தது. மாமாவின் தம்பி, "மழைன்னா மழைதான், ரூமுக்குள்ள இருந்துக்கலாம், 9,000 ரூபாய் சும்மா போகணுமா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பணத்தை விடவும், மூன்று மாதம் தூங்காமல் வேலை பார்த்தவருக்கு இந்த நான்கு நாள்தான் கண்ணில் இருந்தது.

அத்தைதான் பேச்சைத் திருப்பினார். "ஏன் தம்பி, ராத்திரி எனக்கு ஒண்ணுன்னா அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்?" நல்ல வெயிலில் ஊட்டி வரை முக்கால் மணி நேரம் என்றேன். "மரம் விழுந்து கெடந்தா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

முடிவும் காரணங்களும்

சனிக்கிழமை முடிவெடுக்கும்போது முன்னால் நான்கு வழி இருந்தது. இருந்த திட்டப்படியே போவது. நீலகிரிக்குள்ளேயே கோத்தகிரிக்கு மாறுவது. ஒரு வாரம் தள்ளிப்போடுவது. வேறு மலைக்குப் போவது.

முதலாவதை அத்தையின் கேள்வியே முடித்துவிட்டது. கோத்தகிரி எனக்கு ஆசையாக இருந்தது. மேலே சொன்னபடி அந்தப் பக்கம் மழை குறையும். ஆனால் எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் இருந்தது. சிவப்பு எச்சரிக்கை நாளில் சுற்றுலா இடங்களை மூடிவிடுவார்கள், மலைப்பாதையில் எப்போது வண்டியை நிறுத்துவார்கள் என்றும் தெரியாது. 'மழை குறைவாக இருக்கும்' என்ற பொது அறிவை வைத்துக்கொண்டு அதிகாரபூர்வ எச்சரிக்கையைத் தாண்டிப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். தள்ளிப்போட்டால் ஜூன் 1 வந்துவிடும், மறுநாள் பள்ளி. அதுவும் இல்லை.

மீதி இருந்தது வேறு மலை. மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்த ஊரானாலும் கூடக் குறைய அதே காற்று, அதே மழை. கிழக்குத் தொடர்ச்சி மலை என்றால் எங்களுக்குப் பக்கத்தில் கொல்லிமலையும் ஏற்காடும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20. கடைக்குட்டியின் வயிற்றை நினைத்து ஏற்காடு. கரூரிலிருந்து நாமக்கல் வழியாகச் சேலம் 100 கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து மலை 30 கிலோமீட்டர். இ-பாஸ் தேவையில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரம்தான், ஊட்டியின் குளிர் இருக்காது. அத்தையின் முட்டிக்கு அதுவே நல்லது. சேலத்தில் பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது.

கிளம்பும் நாளையும் மாற்றினோம். ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மிக அதிகம், மே கடைசியில் கோடை விழாவும் சேர்ந்துகொள்ளும். அதனால் 26 திங்கள் கிளம்பி 28 புதன் திரும்புவது, இரண்டு இரவு. ஏரியிலிருந்து தள்ளி ஒரு காப்பித் தோட்டத்து விடுதியில் கீழ்த்தளத்தில் மூன்று அறை கிடைத்தது. இந்த முறை முன்பணம் கட்டும் முன் தேதி மாற்றலாமா, அறை வரை எத்தனை படி, இரவில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மூன்றையும் கேட்டேன்.

பெரியவன்தான் வாடிப்போனான். கெய்ர்ன் ஹில் இல்லை என்றதும் அறைக்குள் போய்விட்டான். மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஊட்டி அருகே மரம் விழுந்து கேரளாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த 15 வயதுப் பையன் இறந்துவிட்டான் என்று செய்தி வந்தது. எங்கள் வீட்டில் அன்று சாயந்திரம் யாரும் அதிகம் பேசவில்லை. அந்தப் பையனின் வீட்டாரும் எங்களைப் போலத்தான் விடுமுறை முடிவதற்குள் ஒரு முறை போய் வரலாம் என்று கிளம்பியிருப்பார்கள்.

மலையில் நடந்தவை

26 காலை 5.30-க்குக் கிளம்பினோம். வேன் டிரைவர் ஏற்காட்டுக்குப் பலமுறை வந்தவர். மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, கடைக்குட்டியை முன் சீட்டுக்கு மாற்றச் சொன்னார். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம் என்று இரண்டு இட்லி மட்டும் கொடுத்திருந்தோம். வளைவுகளில் எண் போட்ட பலகையை அவனே சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தான். 14-இல் ஒரு முறை வாந்தி எடுத்தான், அவ்வளவுதான்.

மேலே போய்ச் சேர்ந்து டீ குடிக்கும்போது மணி 10. அப்போதுதான் அத்தை தலை கனமாக இருக்கிறது என்றார். காலை மாத்திரை போடவில்லை. மாத்திரைப் பெட்டி பெரிய பையில் இருந்தது, அந்தப் பை மற்ற மூட்டைகளுக்கு அடியில். இருட்டில் கிளம்பிய அவசரத்தில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தோம். பக்கத்து மருந்துக் கடையில் அழுத்தம் பார்த்தபோது 160-க்கு 100. அவருடைய டாக்டருக்குப் போன் செய்து சொன்னோம். மாத்திரை போட்டுவிட்டு அன்று முழுவதும் ஓய்வெடுக்கச் சொன்னார். அத்தையோடு அக்கா விடுதியில் இருக்க, மற்றவர்கள் ஏரிக்குப் போனோம். படகுக்கு ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் நின்றோம். படகில் இருந்தது அரை மணி நேரம்.

அன்று மாலை நடந்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஐந்தே முக்கால் இருக்கும். விடுதிக்குப் பின்னால் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு வண்டித் தடம் போகிறது. மேலே சில்வர் ஓக் மரங்கள், அதில் மிளகுக் கொடி. பெரியவனையும் 12 வயதுக்காரியையும் கூட்டிக்கொண்டு சும்மா நடந்தேன். எதிரே தோட்ட வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஒரு அம்மா சட்டென்று நின்று கையைக் காட்டினார். அவர் காட்டிய பக்கம், முப்பது நாற்பது அடி தள்ளி, செடிக்கு மேலே கறுப்பாக ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. காட்டெருமை. முதலில் பாறை என்றுதான் நினைத்தேன். அது தலையைத் தூக்கிய பிறகுதான் கொம்பு தெரிந்தது, முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள் தெரிந்தன. மூச்சு விடும் சத்தம் கேட்டது.

12 வயதுக்காரி போனைத் தூக்கிவிட்டாள். "போட்டோ வேண்டாம் கண்ணு, அப்படியே பின்னால வாங்க, ஓடாதீங்க, அதுக்கு முதுகக் காட்டித் திரும்பாதீங்க" என்று அந்த அம்மா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னபடியே அடி அடியாகப் பின்னால் வந்தோம். விடுதி வேலியைத் தாண்டிய பிறகுதான் அவரோடு பேச முடிந்தது. பொழுது சாயும் நேரத்தில் அது மேய வரும், அதன் வழியில் நாம் நிற்கக் கூடாது, இங்கே இருக்கிறவர்கள் அந்த நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்விடுவோம் என்றார். விடுதியில் யாரும் எங்களிடம் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றே ஒரு விதி வைத்தோம்: ஐந்து மணிக்குப் பிறகு வேலிக்கு வெளியே யாரும் நடக்கக் கூடாது.

27-ஆம் தேதி வெளியே செய்ய வேண்டியதை எல்லாம் மதியத்துக்குள் முடிப்பது என்று வைத்துக்கொண்டோம். மே மாதத்தில் மலையில் மேகம் கூடி இடி மழை வருவது பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். காலை ஆறரைக்குச் சேர்வராயன் கோயில். உச்சிக்குப் பக்கம் வரை வேன் போகிறது, அதனால் அத்தையும் வந்தார். கோயில் குகை மாதிரி தாழ்ந்து குறுகலாக இருக்கும், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அத்தை வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டு, வெளியே திட்டில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். காற்றில் பனிமூட்டம் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனது. பிளாஸ்கில் கொண்டு போன டீயை அக்கா ஊற்றிக் கொடுத்தாள். ஏப்ரலில் தாளில் எழுதிய அவருடைய ஆசை அங்கே நிறைவேறியது.

பத்தரைக்கு கிளியூர் அருவி. ஏரியிலிருந்து வழியும் தண்ணீர்தான் பள்ளத்தாக்கில் அருவியாக விழுகிறது. கீழே இறங்க நிறையப் படி. அத்தை, கடைக்குட்டி, அக்காவின் ஓரகத்தி மூவரும் மேலேயே இருந்தார்கள். இறங்கும் முன் பெரியவனிடம் கடிகாரத்தைக் காட்டி, ஒரு மணிக்கு மேலே இருக்க வேண்டும், வானம் கறுத்தால் அதற்கு முன்னாலேயே திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இறங்குவதை விட ஏறுவதற்கு இரண்டு மடங்கு நேரம் வைத்தேன். பாதிப் படியில் பாசி வழுக்கியது, ரப்பர் செருப்போடு வந்த மாமாவின் தம்பி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டே காலுக்கு மேற்கே மூட்டம் கட்டியது. பெரியவன் இன்னும் பத்து நிமிடம் என்று கெஞ்சினான். விடவில்லை. மேலே வந்து வேனில் ஏறிக் கதவைச் சாத்தும்போது முதல் தூறல். இரண்டு மணிக்குக் கொட்டித் தீர்த்தது.

28 காலை குப்பனூர் வழியாக இறங்கினோம். ஏறின கியரிலேயே இறக்கினார் டிரைவர். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பதைப் பெரியவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிறகு தெரிந்தது

27 இரவு எமரால்டு வீட்டுக்காரரே கூப்பிட்டார். மரம் விழுந்து இரண்டு நாளாகக் கரண்டு இல்லை, ரோட்டிலும் கிளைகள் கிடக்கின்றன, நீங்கள் வராததே நல்லது என்றார். முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது, அடுத்த ஏப்ரலுக்குள் எப்போது வந்தாலும் வாடகையில் கழித்துக்கொள்கிறேன் என்று சொல்லி, கேட்டதும் அதை எழுத்திலும் அனுப்பினார். ஏற்காடு செலவு எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய் ஆனது.

அடுத்த முறை மாற்றுவது

மே 20-க்குப் பிறகு என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குப் பக்கத்தில் இடம் பிடிக்க மாட்டேன். பிடித்தே ஆக வேண்டும் என்றால், கிழக்கே ஒரு மாற்று ஊரையும் அங்கே தங்க ஒரு இடத்தையும் முதல் நாளே பேசி வைப்பேன். எங்களுக்கு ஏற்காட்டில் அறை கிடைத்தது திங்கட்கிழமை என்பதால்தான். சனிக்கிழமை என்றால் கிடைத்திருக்காது.

முடிவை சனிக்கிழமை வரை இழுத்திருக்கக் கூடாது. 20-ஆம் தேதியே செய்தி மாறிவிட்டது. அன்றே தேதி மாற்றம் கேட்டிருந்தால் வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்திருப்பார், எங்களுக்கும் முழுப் பணம் நின்றிருக்கும்.

தங்கும் இடத்தில் போய் இறங்கியதும் முதல் கேள்வி, இங்கே எந்த நேரத்தில் எந்த விலங்கு வரும் என்பதாக இருக்கும். அதை வரவேற்பறையில் கேட்பதை விட, தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்பது நல்லது.

பெரியவனின் கெய்ர்ன் ஹில் அப்படியே நிற்கிறது. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம் என்று பாதைகளை மூடியிருந்தார்கள். அதனால் ஜனவரியில், பொங்கல் விடுமுறையை ஒட்டி இரண்டு நாள் பார்த்திருக்கிறோம். எமரால்டு முன்பணமும் அதில் கழியும். அத்தையும் வருகிறார். அவருடைய மாத்திரைகளுக்கு அக்கா ஒரு சின்னத் துணிப்பை தைத்து வைத்திருக்கிறாள். அது இனி மூட்டையில் போகாது, அக்காவின் தோள்பையில் போகும்.